கழற்ற முடியாத ஊமைக்குழாய்

வாதாடி என்னை ஜெயிக்க எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. என் அப்பா செங்கல்பட்டில் வக்கீல் குமாஸ்தா. எந்த வழக்கு வந்தாலும் ஒரு முழுத்தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம் என்று எழுதி வக்கீலின் மேஜையில் வைப்பார். நான் கல்யாணமாகிப் போனபோது அந்தப் பழக்கத்தையும் சீரோடு சீராகக் கொண்டுபோனேன். பசு வாங்கலாமா, கூரையைப் பிரித்து ஓடு போடலாமா, எல்லாவற்றுக்கும் ஒரு தாள். அப்படி எழுதியதில் ஒன்றே ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. துப்பாக்கியின் சைலன்சரைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்வதா, ஒரேயடியாகத் துப்பாக்கியோடு பற்றவைத்துவிடுவதா என்பதுதான் அதில் உள்ள கேள்வி. பெண்பிள்ளை எழுதுகிற கேள்வியா இது என்று யாருக்கும் சிரிப்பு வரும். எழுதிய அன்று நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஒரு ஏரியை நம்பிப் பிழைக்கிற ஊர். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் ஐப்பசி மழை விழுந்ததும் பறவைகள் வந்து இறங்கும். நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பங்குனியில்தான் கிளம்பும். அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர்தான் எங்கள் கழனிக்கு எரு. தனியாக உரம் போடாமலே நெல் கருகருவென்று நிற்கும். அதனால் ஐப்பசியிலிருந்து பங்குனிவரை ஊரில் சத்தம் கூடாது. தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணம் வைத்தால் மேளம் கிடையாது. யாராவது செத்துப்போனால்கூடப் பறை அடிக்காமல், சங்கு ஊதாமல்தான் எடுத்துப் போவார்கள். மீறினவன் நிலத்துக்கு மடைத் தண்ணீர் கிடையாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் கலெக்டர் உத்தரவுக்கு இருக்கிற பயத்தைவிட இதற்குப் பயம் அதிகம்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தவர். சண்டைக்காலத்தில் பர்மாவில் இடது காது போய்விட்டது. வலது காதும் அரைகுறை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர், "இனிமே வெடிச் சத்தம் கிட்டத்துல கேட்டா இருக்கற காதும் போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தை இல்லாத வீடு. நான் பேசுவதெல்லாம் அந்த ஒரு காதுக்குத்தான். செவிடன் காதில் சங்கு ஊதுகிறேன் என்று அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பேன். அவர் வேண்டுமென்றே இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து சிரிப்பார்.

பட்டாளத்தை விட்டதும் அவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையோரம் ஒரு வெள்ளைக்காரரின் சவுக்குத் தோப்பில் மேற்பார்வை வேலை பார்த்தார். அந்த வெள்ளைக்காரரிடம் சின்ன ரைபிள் ஒன்று இருந்தது. அதன் முனையில் ஒரு முழத்துக்கும் குறைவாக ஒரு கறுப்புக் குழாய், மரை போட்டு மாட்டியிருக்கும். அதுதான் சைலன்சர். வெடிச் சத்தம் கேட்டால் அவர் வளர்த்த நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளுமாம். துரைசானி கோபித்துக்கொண்டு மாட்டவைத்த குழாய் அது. அவர்கள் தோப்பை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறியபோது, செங்கல்பட்டு ஆபீசில் லைசென்ஸை முறைப்படி மாற்றி எழுதி, ரைபிளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவரும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் கழனி, ஊருக்குக் கிழக்கே மேட்டில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொல்லை. எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் ஒரு பக்கம் ஏரி தெரியும், மறுபக்கம் அந்த மேட்டுப் பனைமரங்கள் தெரியும். கார்த்திகை மார்கழியில் மணிலா முற்றும்போது நரிகள் வந்து செடியைத் தோண்டிப்போட்டுக் கொட்டையைத் தின்றுவிடும். தகரம் தட்டி விரட்டலாம் என்றால் பறவைக்காலம். அதனால் இந்தக் குழாய் வைத்த ரைபிள் எங்களுக்கு வரப்பிரசாதம். சுட்டால் உளுத்தங்காய் வெடிக்கிற அளவுக்குத்தான் சத்தம். ஏரிக்குக் கேட்காது. அவர் காதுக்கும் கெடுதல் இல்லை. ஊரில் அதற்கு ஊமைத்துப்பாக்கி என்று பெயர் வைத்தார்கள்.

வினை எங்கே வந்ததென்றால், அவருடைய மறதியில். ஒரு கார்த்திகை மாதம், குழாயைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்து மாடத்தில் வைத்தவர், மறுநாள் விடியற்காலை அதை மாட்டாமலே கொல்லைக்குப் போய்விட்டார். நான் அடுப்பில் பாலை வைத்தேன். டமார் என்று ஒரு சத்தம். பின்வாசலுக்கு ஓடிப் பார்த்தால் ஏரியே எழுந்து நிற்கிறது. அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் மேலே. வானம் கறுத்துப்போய், இறக்கைச் சத்தத்தில் வீட்டு ஓடெல்லாம் அதிர்ந்தது. கூட்டிலிருந்து எத்தனை முட்டை விழுந்ததோ. தெருவில் ஆள்கள் கம்பை எடுத்துக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். நான் உள்ளே திரும்பி வந்தபோதுதான் பால் பொங்கியது. அதற்குள் கொல்லை மேட்டிலிருந்து அவர்களின் கூச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது. பால் பொங்குகிற நேரத்தில் ஊரே அவரைச் சுற்றி நின்றது. இதை மறக்காமல் சொல்லிவைக்கிறேன்.

அன்று மத்தியானம் கோயில் மரத்தடியில் ஊர் கூடியது. ஊர் முனிசீப் நல்ல மனிதர்தான், ஆனால் ஏரி விஷயத்தில் தன் மகனையே விடமாட்டார்.

"இன்னாபா நீ! பட்டாளத்துல இருந்தவன், உனுக்குமா சொல்லணும்? துப்பாக்கிய கொண்டுபோய் செங்கல்பட்டு ஆபீசுல குடுத்துடு. இல்லாங்காட்டி மடையில தண்ணி கெடையாது" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாதி காதில் விழவில்லை என்பது எனக்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் எங்கள் வீட்டில் எனக்குத்தான் இருந்தது. பெண்கள் நிற்கிற வரிசையிலிருந்து முன்னால் வந்தேன்.

"தப்பு துப்பாக்கியோடது இல்லீங்க, கழட்டற கொழாயோடது. கழட்டவே முடியாதபடி அதைப் பத்தவச்சுட்டா? அப்பறம் அவரே நெனைச்சாலும் சத்தம் வராதே. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

முனிசீப் யோசித்தார். "கயிட்டவே முடியாதா?"

"முடியாது."

"ரம்பம் போட்டுக்கூடவா?"

"ரம்பம் போட்டா லைசென்ஸே போயிடும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஊர் ஒத்துக்கொண்டது. நான் ஜெயித்தேன். வீட்டுக்கு நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை.

வீட்டில்தான் வழக்கு மறுபடி ஆரம்பித்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "துப்பாக்கின்னா கயட்டணும், தொடைக்கணும், மாட்டணும். பட்டாளத்துல மொத நாளு அதத்தான் சொல்லித் தருவான். நீ இன்னாடான்னா மூக்க அடச்சி தெச்சிடலாங்கற" என்றார். நான் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இப்போது அந்தத் தாளைப் பார்க்கிறேன். மை பழுப்பேறிவிட்டது. சாதகப் பக்கத்தில் முதலில் மறதி என்று எழுதியிருக்கிறேன். மறதிக்காரர் கையில் கழற்றுகிற சாமான் ஆகாது. அடுத்தது அவர் காது. அதற்கும் கீழே ஊர், மடைத் தண்ணீர், பறவை. தனியாகக் கழற்றிவைத்தால் குழாயை எவனாவது களவாடிக்கொண்டுபோய்க் கெட்ட காரியத்துக்கு வைத்துக்கொள்வான், நாளைக்குப் போலீஸ் நம் வாசலில் நிற்கும் என்றும் எழுதியிருக்கிறேன். அது என் அப்பாவின் மூளை. பாதகப் பக்கத்தில் அவர் சொல்லச்சொல்ல எழுதினேன். உள்ளே சுத்தம் பண்ண முடியாது. கடற்கரையில் இருந்த சாமான், ஏற்கெனவே உப்புக்காற்று பட்டது, உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். முனை கனக்கும். நீளமாகிவிடும், சைக்கிளில் கட்ட முடியாது. குழாய் கெட்டால் துப்பாக்கியே கெட்டமாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான் சின்ன எழுத்தில் பதில் எழுதி அடித்திருக்கிறேன். "கனத்தால் கை பழகிக்கொள்ளும்." "சைக்கிளில் எதற்கு, நடந்துதானே போகிறீர்கள்." என்னுடைய கெட்டிக்காரத்தனத்தைப் படிக்கப்படிக்க எனக்கே கை கூசுகிறது.

இரண்டு பேருமாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். அவரும் பட்டாளத்தில் ஆயுத ரிப்பேர் வேலை பார்த்தவர். இப்போது தையல் மெஷின், பெட்ரோமாக்ஸ் விளக்கு, லைசென்ஸ் உள்ளவர்களின் துப்பாக்கி எல்லாம் ஒரே பெஞ்சில் கிடக்கும். இவர்கள் இரண்டு பேருக்கும் பர்மா கதை பேசப் பொழுது போதாது. பாய் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தவச்சிட்டா நல்லதும் கீது தங்கச்சி. கயட்டி கயட்டி மாட்டுனா மரை தேஞ்சிபூடும், குறி ஒரு நாளு இங்க, ஒரு நாளு அங்கன்னு பேஜாரு பண்ணும். ஒரேடியா ஒட்டிட்டா அந்தத் தொந்தரவு கெடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றேன்.

"இரு தங்கச்சி, இன்னொரு பக்கமும் கேளு. உள்ள அழுக்கு சேந்தா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்பறம்..." பாய் இவரைப் பார்த்தார். "இன்னிக்கி சத்தம் வாணாம் உங்களுக்கு. என்னிக்காவது ஒரு நாளு சத்தம் வேணும்னா இன்னா பண்ணுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சத்தம் எதுக்கு பாய்? அதான் வீட்ல நான் இருக்கேனே!"

பாயும் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். கையில் தாள் இருந்தது. பாய் சொன்ன அந்தக் கடைசிக் காரணத்தை நான் பாதகப் பக்கத்தில் ஏற்றவில்லை. எழுதுகிற அளவுக்கு அது ஒரு காரணமாக எனக்குப் படவில்லை.

பாய் சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தார். குழாயும் துப்பாக்கியும் சேர்ந்த இடத்தில் ஒரு வளையம் போலத் தடம், அவ்வளவுதான். இவர் இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அதை லைசென்ஸில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓரத்தில் சிவப்பு மையில், நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வந்து முனிசீப்பிடம் அதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "ஆம்பளையா பொறந்திருந்தா நீ வக்கீலு" என்றார்.

ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. "மூக்குல கல்லக் கட்டுன மாதிரி கீது" என்று அவர் முனகுவதோடு சரி. அவர் சுட்டாரா, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாரா என்பது வீட்டுக்கு வந்து சொன்னால்தான் எனக்கே தெரியும். அவருடைய வலது காதும் கெடாமல் இருந்தது. நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது.

அடுத்த மார்கழியில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டவேண்டும். விடிந்ததும் கிளம்பினார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றித் தோளில் மாட்டியிருந்தார்.

"கொல்லைய ஒரு நட பாத்துட்டு, அப்படியே ரோட்டுக்குப் போயி பஸ் ஏறிடறேன். சாயங்கால வண்டிக்கு வந்துடுவேன்" என்றார்.

"நாஸ்தா?"

"பாய் கடையில பாத்துக்கறேன்."

நான் சொன்ன கடைசி வார்த்தை, "கம்பளிய பஸ்ல விட்டுட்டு வந்துடாதீங்க" என்பது. மறதிக்காரர் அல்லவா.

அவரைத் தேடாததற்கு இதுதான் காரணம். அவர் செங்கல்பட்டில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலை வேலை முடிந்து, பின்வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினேன். பனி விலகி வெயில் வந்தது. ஏரி முழுக்க வெள்ளையாகப் பறவைகள். குஞ்சுகள் கத்துகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கொக்குகூடப் பயந்து எழும்பவில்லை. இதற்கு நான் அல்லவா காரணம் என்று எனக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடு அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மறுபக்கம் பனைமரங்கள் இருந்தன. அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில், புல் அறுக்கப் போகிற பக்கத்துத் தெருப் பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"அக்கா! அக்கா! அண்ணாத்த பஸ்ஸு ஏறலக்கா! கெணத்துல கீறாருக்கா!"

கொல்லை மேட்டில் நாங்கள் ஒரு கிணறு வெட்ட ஆரம்பித்து, தண்ணீர் வராததால் ஒன்றரை ஆள் ஆழத்தில் விட்டிருந்தோம். கல் கட்டாத மண் கிணறு. கார்த்திகை மழையில் கரை ஊறியிருந்திருக்கிறது. நரி தோண்டியிருப்பதைப் பார்க்க அவர் ஓரத்தில் போய் நின்றிருக்க வேண்டும். கரை அவரோடு சேர்ந்து உள்ளே சரிந்திருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்தபோது மார்புவரை மண்ணுக்குள் இருந்தார். கைகள் இரண்டும் வெளியே இருந்தன. மேலே சாக்கு கிடந்தது. அதைப் பார்த்துத்தான் புல்லறுக்கிறவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். உயிர் போய் வெகுநேரம் ஆகவில்லை என்று போலீசோடு வந்த டாக்டர் பிறகு சொன்னார். மார்பை மண் அழுத்தினால் கத்த வராதாம். மூச்சே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருமாம்.

அவர் கத்தவில்லை. சுட்டிருக்கிறார். அவரைச் சுற்றி மண்ணின் மேல் காலித் தோட்டாக்கள் கிடந்தன. பதினொன்று. அவர் எடுத்துப் போனதே பதினொன்றுதான். வானத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சுட்டிருக்கிறார். பறவைகள் எழும்பவேண்டும், ஊர் கம்பை எடுத்துக்கொண்டு திட்டுவதற்காவது ஓடிவரவேண்டும் என்று. அவருக்குத் தெரியும், ஒன்று வெடித்தால் போதும் என்று.

துப்பாக்கியை வெளியே எடுத்தவர் முனிசீப். அவர் அதை என்னிடம் காட்டாமல் திருப்பிப் பிடிக்கப் பார்த்தார். நான் பிடுங்கிப் பார்த்தேன். குழாய் முழுக்கக் கல்லால் அடித்த தடம். கறுப்பு உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. சரிந்த மண்ணில் கிடந்த ஒரு கல்லை எடுத்து, குழாய் சேர்ந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். வலது கை விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. குழாய் கொஞ்சம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். கழன்று வரவில்லை. பாயின் வேலை சுத்தமான வேலை.

புல்லறுக்கிறவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காலைலயே அந்தப் பக்கம் போனேன்க்கா. டப்பு டப்புன்னு கேட்டுச்சி. வெயிலுக்கு ஆமணக்குக் காயி வெடிக்குதுன்னு நெனச்சிக்கினு போயிட்டேன்க்கா. பாவி, எட்டிப் பாக்கலியே!" நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆமணக்குக் காய் போலத்தான் கேட்கவேண்டும் என்று ஊர் நடுவில் நின்று வாதாடியவள் நான்.

போலீஸ் எழுதி முடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வர மறுநாள் ஆகிவிட்டது. பாயும் செங்கல்பட்டிலிருந்து வந்தார். வாசல் ஓரமாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வந்தவர்கள் எல்லாம் எனக்கு ஒரே ஆறுதலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து சுட்டால் சத்தம் மேலே வராது, குழாய் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று. எனக்கு அதை நம்பவேண்டும்போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் போன துக்கத்தைவிட அதை நம்பவேண்டும் என்ற ஆசை பெரியதாக இருந்தது. எழுந்து பாயிடம் போனேன்.

"பாய், உங்களுக்குத் தெரியும். கொழாய் இல்லாம இருந்திருந்தா கேட்டிருக்குமா?"

பாய் தரையைப் பார்த்தார். "கேக்காது தங்கச்சி. பள்ளம் பாரு. கேக்காது."

வாழ்நாளெல்லாம் துப்பாக்கிச் சத்தத்தில் இருந்த மனிதர். என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பாடை கட்டி முடிந்தது. பறவைக்காலம், பறை கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். தோளுக்குத் துண்டு போட்டுக்கொண்டு ஆள்கள் பாடையைத் தூக்க நின்றார்கள். அப்போது முனிசீப் என்னிடம் வந்தார்.

"பட்டாளத்துல இருந்தவரு. ஊமையா அனுப்ப மனசு வரலம்மா. வூட்டு முன்னால ஒரு தபா அடிக்கட்டும். ஊரு ஒத்துக்கினுது. நீ இன்னா சொல்ற?"

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் நூறு காரணம் இருந்தது. கூட்டில் குஞ்சு இருக்கிறது. முட்டை விழும். வழக்கம் உடைந்தால் உடைந்ததுதான். அவருக்காக இன்றைக்கு உடைக்கிற வழக்கத்தை நேற்றுக் காலையில் உடைத்திருக்கலாமே என்று கத்தவும் வாய் வந்தது. பிறந்ததிலிருந்து அன்று ஒரு நாள்தான் நான் வாதாடவில்லை. முனிசீப் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையைக் காட்டினார்.

பறை ஒரு முறை முழங்கியது. அவ்வளவுதான், ஏரி மொத்தமும் எழுந்தது. போன வருஷம் பார்த்த அதே கறுப்பு வானம். பறவைகள் வீட்டுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

பாடையை இன்னும் தூக்கவில்லை. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். அதற்குள் கிழக்கே வரப்பு மேல் ஆள்கள் ஓடிவருவது தெரிந்தது. இதே ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிற பக்கத்து ஊர்க்காரர்கள். கையில் கம்பு. எங்கள் கொல்லை மேட்டைத் தாண்டி, அந்தக் கிணற்றுக்குப் பக்கமாகவே ஓடிவந்தார்கள். பால் பொங்குகிற நேரம்கூட ஆகியிருக்காது.

"எவண்டா அது, பறவ கீறப்போ பறை அடிக்கறது?" என்று கத்திக்கொண்டே தெருவுக்குள் வந்தவர்கள், பாடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். கம்பையெல்லாம் கீழே போட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தப்பா நெனச்சிக்காத தாயி. எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டுச்சி, ஓடியாந்தோம்" என்றார்.